கயிறு கம்பெனி பஸ்

போன வாரம் மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிறு அறுந்துவிட்டது. கயிற்றைக் குறை சொல்ல முடியாது. இரண்டு ஈரப் போர்வைகளையும் ஒரு ஜமக்காளத்தையும் ஒரே நேரத்தில் அதன் தலையில் போட்டது நான்தான். நீல நைலான் கயிறு, வெயிலில் வெளுத்து இப்போது நீலம் என்று நான் சொன்னால்தான் தெரியும். அது பல வருடமாகவே குட்டை. தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டினால் எதிர்ச்சுவர்க் கொக்கி வரைக்கும் வராது. மிச்ச தூரத்துக்குப் பழைய புடவைக் கரையைக் கிழித்து ஒட்டுப்போட்டு இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அறுந்த நுனி பிரிபிரியாக விரிந்து நின்றது. அப்படியே விட்டால் முழுக்கப் பிரிந்துபோகும். தீப்பெட்டி எடுத்து வந்து நுனியைச் சுட்டேன். நைலான் கருகும் வாசனை வந்தது. சர்க்கரைப் பாகு அடிப்பிடித்ததோடு பிளாஸ்டிக் டப்பாவும் சேர்ந்து எரிந்த மாதிரி இருக்கும். யாருக்கும் பிடிக்கிற வாசனை இல்லை. ஆனால் எனக்கு அது மூக்கில் ஏறியதும், யாரோ வேலையை விட்டுப் போகிறார்கள் என்று தோன்றியது.

சொல்கிறேன். அப்போது நான் வேலை பார்த்தது ஒரு கயிறு கம்பெனியில். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்குமே, அந்தப் பக்கம். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிற தொடை கனக் கயிற்றிலிருந்து காசிமேட்டு விசைப்படகுக்குப் போகிற சுண்டுவிரல் கயிறு வரை எல்லாம் செய்தோம். போர்டில் நீளமான இங்கிலீஷ் பேர் ஒன்று இருந்தது. ஆடிட்டரைத் தவிர வேறு யாரும் அதை முழுசாகச் சொல்லிக் கேட்டதில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி “கயிறு கம்பெனி” என்றால் போதும். “கயிறு திரிக்கிற எடமா?” என்று டிரைவர் கேட்பார், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். பொய் சொல்லிப் பிழைக்கிற கூட்டம் என்று கேலி. சேர்ந்த புதிதில் எனக்கு முகம் சிவந்துபோகும். பிறகு நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

என் வேலை டிஸ்பாட்ச் செக்‌ஷனில். மாடியில் மேற்குப் பார்த்த ஜன்னலோரம் என் மேஜை. திறந்தால் மணலி சுத்திகரிப்பு ஆலை வாசனை, மூடினால் புழுக்கம். எங்கள் பக்கத்தில் வானிலை அறிக்கையை மூக்கால்தான் கேட்போம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மேல்காற்று, கருவாடு வந்தால் கடல்காற்று, இரண்டுமே வரவில்லை என்றால் நமக்கு ஜலதோஷம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கர்ச்சீப்பை எடுப்பார்கள். நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம்.

சாப்பாட்டு டப்பா என்றதும் லூர்து அக்கா ஞாபகம் வருகிறார். அவர் எங்கள் டெலிபோன் ஆபரேட்டர், வீடு காத்திவாக்கத்தில். எறா தொக்கு கொண்டுவந்தால் மூடியைத் திறப்பதற்குள் நாலு கை நீளும். அக்காவுக்கு இரண்டு குரல். வெளியே இருந்து போன் வந்தால் ஏர்ஹோஸ்டஸ் மாதிரி இங்கிலீஷில் குட்மார்னிங் சொல்லி, “ப்ளீஸ் ஹோல்ட் த லைன்” என்பார். அதே மூச்சில் பக்கத்து போனில் வீட்டுக்காரரிடம், “இன்னாய்யா, துன்னியா இல்லியா? மாத்தர எங்க கீதுன்னு பார்த்தியா?” என்று சத்தம் போடுவார். ஒருமுறை லைன் மாறிப்போய் மும்பைக் கப்பல் கம்பெனி மேனேஜர் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டார். அவர் சாப்பிட்டாரா என்பது கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. வேலையை விட்டுப் போகிறவருக்கு மாலை கிடையாது, கடிகாரம் கிடையாது. ஒரு துண்டுக் கயிறு. ஸ்டோர் டில்லி அண்ணன் புதுச் சுருளிலிருந்து கையால் முழம்போட்டு அறுத்து எடுத்து வருவார். இரண்டு நுனியையும் லைட்டரால் சுடுவார். நுனி உருகிக் கொழகொழவென்று இருக்கும்போதே எச்சில் தொட்ட விரலால் நறுக்கென்று கிள்ளி உருட்டிவிட வேண்டும். அப்போதுதான் பிரியாது. ஒரு நுனியைப் போகிறவர் கிள்ளுவார். மறு நுனியைப் பக்கத்து மேஜைக்காரர் கிள்ளுவார். இரண்டு பேருக்கும் விரல் சுடும், இரண்டு பேரும் கையை உதறுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் சூட்டின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு.

முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டு கயிறுதான் போகும். யாராவது ரிடையர் ஆவார்கள், யாராவது துபாய் போவார்கள். ஒரகடத்தில் கம்பெனி பெரிதாக இடம் வாங்கியிருக்கிறது, எல்லாம் அங்கே போகிறது என்று சொன்னதற்கு அப்புறம் டில்லி அண்ணனின் லைட்டருக்கு ஓய்வே இல்லை. முதலில் மெஷின்கள் போயின. கயிறு முறுக்குகிற ராட்சச மெஷின் ஒன்றை டிரெய்லரில் ஏற்றியபோது ரோட்டில் டிராபிக் நின்றுபோய், எண்ணூர் வரைக்கும் எங்களைத் திட்டினார்கள். மெஷின் போனதும் மெஷின்காரர்கள் போனார்கள். பாதிப் பேர் ஒரகடம், பாதிப் பேர் வேறு வேலை. கீழே ஷெட் காலியானதும் புறாக்கள் குடிவந்தன. மாடியில் ஆபீஸ் மட்டும் மிச்சம் இருந்தது, மதியத்தில் நாங்கள் பேசினால் கீழே எதிரொலி கேட்கும்.

அப்புறம் ஆபீசிலும் ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை பர்ச்சேஸ்காரர், அடுத்த வெள்ளிக்கிழமை டைப்பிஸ்ட் அம்மா. போகிறவர்களின் நாற்காலியை யாரும் எடுத்துப்போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் முதலில் இடத்துக்குச் சண்டை போடுவோம், இப்போது கால் நீட்டி உட்கார இடம் இருந்தது. கால் நீட்டி உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். யாருடைய ரசம் யாருடைய சாதத்தில் என்று தெரியாமல் சாப்பிட்ட பழக்கம், தன் டப்பாவைத் தானே தின்று தீர்ப்பது பெரிய வேலையாக இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டில் பில்லிங் செல்வராஜ் பேச்சை எடுத்தார். செல்வராஜ் நாசரேத் பக்கத்துக்காரர். குடும்பமே தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம், இவர் மட்டும் கணக்குப் படித்துவிட்டு எங்களிடம் மாட்டிக்கொண்டார். “நீங்க என்னக்கா செய்யப் போறீங்க? காத்திவாக்கத்துல இருந்து ஒரகடம் என்ன பக்கமாவா இருக்கு?” என்றார்.

அக்கா மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே சொன்னார். “போய்த்தான் ஆவணும். எனக்கு வேல போனா ஈ.எஸ்.ஐ. கார்டு போவும். கார்டு போனா அந்த மனுசன் போய்டுவான். அவ்ளோதான்.”

அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் இரண்டு தடவை ரத்தம் சுத்திகரித்தால்தான் ஆள் எழுந்து நடமாட முடியும் என்ற நிலை. அந்தச் செலவெல்லாம் அக்காவின் கார்டில்தான் நடந்துகொண்டிருந்தது. மகள் ரோஸி நர்சிங் கடைசி வருடம். அவள் படிப்பை முடித்து ஒரு வேலையில் சேர்ந்து, அவள் பேரில் கார்டு வந்தால் அப்பாவையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும், ஒரு வருடமோ கொஞ்சம் கூடவோ, அக்கா இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“பஸ் மாறி மாறிப் போயி, நைட்டு நான் வூடு வந்து சேர்சொல்ல அவரு பட்டினியா கெடப்பாரு. கம்பெனி பஸ் வுட்டான்னா சமாளிச்சிடுவேன். வுடலன்னா பேஜாருதான்” என்று சொல்லிவிட்டு அக்கா கை கழுவப் போய்விட்டார். அவர் பேசியதில் அழுகை எதுவும் இல்லை. மீன் விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். எங்களுக்குத்தான் அதற்கு அப்புறம் தொக்கு ருசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஹெட் ஆபீசிலிருந்து ஹெச்.ஆர். ஆபீசர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார். எங்களை எல்லாம் சாப்பாட்டு ஹாலில் கூட்டி வைத்துக்கொண்டு, “ஒரு பஸ் நிறையற அளவுக்கு ஆள் வந்தீங்கன்னா காத்திவாக்கத்துல இருந்தே பஸ் விட்டுடலாமுங்க. வருசத்துக்கு காண்ட்ராக்ட் போட்டுடுவோம். ஆள் கம்மின்னா பஸ் இல்லீங்க, அலவன்ஸ் குடுத்துருவோம்” என்றார். போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் சொல்லிவிட்டு நின்றுகொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு, “வர்றவங்க கை தூக்குங்க” என்றார்.

எனக்கு அப்போது வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை உறுதியாகியிருந்தது. அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. நல்லபடியாக எல்லோரிடமும் சொல்லி, கயிறு வாங்கிக்கொண்டு போகலாம் என்று வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தேன். எதிரே லூர்து அக்கா கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். ஹாலில் அது ஒரே கையாக இருந்தது.

முதலில் அக்கவுண்ட்ஸ் பாபு சார் கையைத் தூக்கினார். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுக்காரர், மேஜையில் சின்னதாக ஒரு புத்தர் படம் வைத்திருப்பார், வாய்தான் புத்தருக்குச் சம்பந்தமில்லாதது. அடுத்து செல்வராஜ். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. என் கையும் எழுந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், இத்தனை பேர் நிஜமாகவே போகும்போது என் ஒரு பொய் கடலில் கரைத்த பெருங்காயம். பஸ் வந்துவிடும். என் சீட் மட்டும் காலியாக இருக்கும், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்.

ஹெச்.ஆர். ஆபீசருக்கு நம்ப முடியவில்லை. “அத்தனை பேருமேங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். அந்தச் சந்தேகத்தைப் போக்கத்தானோ என்னவோ, அங்கேயே ஒரு சண்டை மூண்டது.

செல்வராஜ், “எனக்கு பஸ்ல போனா கொமட்டும் சார். மொத ஜன்னல் சீட்டு எனக்கு வேணும், இப்பமே சொல்லிட்டேன்” என்றார்.

“யோவ், நான் சீனியர்யா. பேசின் பிரிட்ஜ்ல ஏறுனா பூந்தமல்லி வரைக்கும் சாஞ்சிகினு தூங்கணும். ஜன்னல் இல்லாம எங்க சாயறது, உன் தோள்லயா?” என்றார் பாபு சார்.

“அதுக்காக நான் வாந்தி எடுத்துட்டே வரணுமா?”

“பின்னாடி போய் எடு, யாரு வேணான்னது?”

சண்டை முற்றி, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆகாதவர்களாகி, மறுநாள் சாப்பாட்டில் பாபு சாரின் ஊறுகாய் செல்வராஜ் பக்கம் போகவில்லை. கடைசியில் ஹெச்.ஆர். ஆபீசரே தலையிட்டு, ஒரு வாரம் இவருக்கு ஒரு வாரம் அவருக்கு என்று பைசல் செய்தார். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் ஏ.சி. வேண்டும், பாட்டு வேண்டும், வெள்ளிக்கிழமை பக்திப் பாட்டு மட்டும் வேண்டும் என்று தினம் ஒரு கோரிக்கை. நான்கூட ஜன்னல் கண்ணாடி இறுக்கமாக மூட வேண்டும் என்று கேட்டு வைத்தேன். ஏறப்போகாத பஸ்ஸுக்கு என் பங்குக்கு ஒரு கண்ணாடி. இதெல்லாம் நடக்கும்போது லூர்து அக்கா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆபீசில் யாருமே வேலையை விடவில்லை. வெள்ளிக்கிழமைகள் லைட்டர் இல்லாமல் கழிந்தன. எனக்கு ஒரு சிக்கல் வந்தது. போகப்போகிறேன் என்று சொல்ல முடியாது, சொல்லாவிட்டால் கயிறு கிடையாது. இத்தனை வருடம் பிறத்தியாரின் கயிற்றைக் கிள்ளி விரலைச் சுட்டுக்கொண்டவளுக்கு ஒரு முழம் கயிறு இல்லாமல் போவதா என்று இருந்தது. கடைசிக்கு முந்தின நாள், எல்லோரும் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மெதுவாகக் கீழே ஸ்டோருக்கு இறங்கிப் போனேன்.

“டில்லிண்ணே, வீட்ல துணி காயப்போடற கயிறு அறுந்துபோச்சு. ஒரு துண்டு கெடைக்குமா?”

டில்லி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அறுந்துபோச்சா? இன்னிக்கி ஊர்ல எல்லார் வூட்லயும்தான் அறுந்துகினு கீது” என்று சொல்லிவிட்டு, எவ்வளவு என்று கேட்காமலே தாராளமாக முழம்போட்டு அறுத்தார். நான் அதை அவருடைய வழக்கமான கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நுனியைச் சுட்டுக் கொடுத்தார், கிள்ளினேன். மறு நுனியையும் சுட்டுவிட்டு, “இத்த யாரு புடிக்கறது?” என்றார். சுற்றிப் பார்த்தேன். காலியான ஷெட்டில் புறாக்கள்தான் இருந்தன. “சரி, ரெண்டையும் நீயே புடிச்சிக்க” என்றார். அன்றைக்கு இரண்டு விரல் சுட்டது.

கடைசி நாளில் பெரிய பிரிவெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? எல்லோரும் திங்கட்கிழமை ஒரே பஸ்ஸில் சந்திக்கப் போகிறவர்கள். “திங்கட்கெழம பார்க்கலாம்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, வழக்கமான சனிக்கிழமை மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். எல்லோர் பையும் கொஞ்சம் புடைத்திருந்தது. மேஜை டிராயரைக் காலி செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். லூர்து அக்கா மட்டும் கேட்டருகில் நின்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் வந்தபோது, “சுட்டுக்கினியாடி?” என்று விரலைத் தடவிப் பார்த்தார். அயர்ன் பாக்ஸ் என்று ஏதோ உளறினேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பத்து மணிக்குப் போனால் போதும். ஆனால் பஸ்ஸைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. என் ஸ்டாப் தேரடி. டீக்கடைக்குப் பின்னால், பால் டிரேக்கள் அடுக்கியிருந்த மறைவில் துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்துவிட்டால் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்து இழுத்தே ஏற்றிவிடுவார்கள் என்று பயம்.

பஸ் வந்தது. கேட்ட மாதிரியே ஏ.சி. பஸ், வெள்ளை வெளேரென்று, உள்ளே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. தேரடியில் நின்று கதவைத் திறந்தது. முன்னால் டிரைவர். அவருக்குப் பின்னால், பாபு சாரும் செல்வராஜும் அடித்துக்கொண்ட அதே ஜன்னல் சீட்டில் லூர்து அக்கா, மடியில் சாப்பாட்டுப் பை. அவ்வளவுதான். கடைசி சீட் வரைக்கும் கண்ணால் தேடினேன். காத்திவாக்கத்திலும் அதற்கு இந்தப்பக்கமும் ஏழெட்டுப் பேர் ஏறியிருக்க வேண்டும். ஒரு தலை இல்லை.

அங்கேயே புரிந்துபோயிற்று. குளத்துக்கு ஆளுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொன்னபோது, நான் ஒருவன் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஊரே நினைத்த கதை உங்களுக்குத் தெரியும். நாங்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். ஒரே வித்தியாசம், அவர்கள் தங்களுக்காகப் பொய் சொன்னார்கள், நாங்கள் அக்காவுக்காகச் சொன்னோம். ஓடிப்போய் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். பஸ் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு டோல்கேட் பக்கம் போய்விட்டது.

ஒரு வாரத்தில் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. காண்ட்ராக்ட் போட்டாயிற்று. தவிர, பூந்தமல்லிக்கு அப்புறம் புது ஆட்கள் நிறைய ஏறினார்களாம், ஒரகடம் போய்ச் சேரும்போது பஸ் நிரம்பித்தான் இருக்குமாம். காத்திவாக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை அக்கா மட்டும் ராணி மாதிரி வருவார். இது டில்லி அண்ணனை மார்க்கெட்டில் பார்த்தபோது அவர் சொன்னது.

செல்வராஜை அவர் பெரியப்பா கடையில் பார்த்தேன். துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “நீ ஒரகடம் போவலையா?” என்றார். “நீங்க?” என்றேன். “நான் கை தூக்கும்போதே எங்க பெரியப்பாட்ட சொல்லியாச்சு. நீங்கள்லாம் போறீங்கன்னுல்லா நெனச்சேன்” என்றார். “அப்போ எதுக்கு ஜன்னல் சீட்டுக்கு அந்தச் சண்டை?” என்று கேட்டேன். “சும்மா கை தூக்குனா அந்த ஆபீசர் நம்ப மாட்டாரு. சண்ட போட்டாத்தான் நம்புவாருன்னு தோணுச்சு. பாபு சார்தான் நெசமாவே சண்ட போட்டாரு, பாவம்.” பாபு சாரும் இதையேதான் செல்வராஜைப் பற்றிச் சொன்னார் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் பாபு சார் ஏற்கெனவே அட்வான்ஸ் சம்பளமே வாங்கியிருந்தார்.

இதில் எனக்கு மட்டும் ஒரு தினசரிப் பங்கு இருந்தது. எங்கள் வீடு தேரடிக்குப் பின்தெருவில். தினமும் விடிகிற நேரத்துக்கு அந்த பஸ் வந்து நின்று ஒரு ஹாரன் அடிக்கும். ஒன்றே ஒன்று, நீளமாக. யாரும் ஏறமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின் சத்தம் நகரும். முதல் மாதம் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். அப்புறம் அது பழகிவிட்டது. அம்மா அதைக் கேட்டுப் பால் வாங்கப் போவாள். நான் எழுந்து அடுப்பில் வெந்நீர் வைப்பேன். மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோதும் வந்தது. புயல் எச்சரிக்கைக்கு மறுநாள்கூட வந்தது. லூர்து அக்கா போகிறார், இன்றைக்கும் கார்டு இருக்கிறது, அவர் வீட்டுக்காரர் அண்ணன் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெந்நீரை இறக்குவேன்.

வெயில் காலம் முடிகிற சமயம், ஒரு காலையில் ஹாரன் கேட்கவில்லை. அம்மா பால் வாங்க மறந்து தூங்கிவிட்டாள். அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும். அண்ணனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காத்திவாக்கத்துக்குப் போனேன். வெறுங்கையோடு போக மனசில்லாமல் மாடியில் கட்டியிருந்த நீலக் கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

சந்தில் நுழையும்போதே அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. லூர்து அக்கா உள்ளே எறா உரித்துக்கொண்டிருந்தார்.

“வாடி, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?” என்றார். ரோஸி ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அவள் கார்டில் அப்பா பேர் ஏறி, முதல் தடவை வைத்தியமும் ஆகிவிட்டதாம். “அத்த கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் நான் நின்னேன். நான் ஏறலன்னதும் பஸ்ஸையும் பூந்தமல்லியோட நிறுத்திட்டாங்க.”

“எங்க மேல கோவமாக்கா? எல்லாரும் வர்றதா சொல்லிட்டு யாருமே வரல.”

அக்கா எறா கையோடு சிரித்தார். “கோவமா? எனக்கு மொதல்லியே தெரியும்டி. கடைசி நாளு டில்லியும் வந்து சொல்லிட்டான், அக்கா, ஒருத்தன் வுடாம எல்லாரும் கயிறு வாங்கினு போய்ட்டாங்கன்னு. அதுக்கு முன்னாடியே செல்வராசும் பாபுவும் சீட்டுக்கு அடிச்சிகினு நின்னாங்க பாரு, அப்பவே புரிஞ்சிடுச்சி, எனக்கு சிரிப்ப அடக்க முடியாம சோறு பொறையேறிப்போச்சு.”

“தெரிஞ்சும் சொல்லலியே?”

“சொன்னா பஸ் வராதே. நீங்க எனக்கோசரம் பொய் சொன்னீங்க. நான் உங்களுக்கோசரம் நம்பிக்கினு இருந்தேன்.”

நான் மறுபடி கேட்டேன். “தெனம் தேரடியில ஹாரன் கேக்கும்க்கா. ஆளே இல்லாத ஸ்டாப்ல பஸ் எதுக்கு நின்னுச்சு?”

“எல்லா ஸ்டாப்லயும்தான் நிக்கும். தண்டையார்பேட்டையில செல்வராசு ஸ்டாப்பு, பேசின் பிரிட்ஜ்ல பாபு ஸ்டாப்பு, ஒண்ணு வுடாம. வண்டியில மிஷின் வச்சிக்கீறாங்க, எங்க நிக்குது எங்க நிக்கலன்னு அது ஆபீசுக்குக் காட்டிடும். நிக்காம போனா ஆள் இல்லன்னு தெரிஞ்சிபூடும். அதான் டிரைவர் தம்பி கையில சொல்லி நிக்க வச்சேன்.”

“நிக்கறது சரிக்கா. ஹாரன்?”

அக்கா உரித்த எறாவை அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “அது மிஷினுக்கு இல்லடி” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை, அங்கேயே அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா ஈரக்கையால் என் தலையில் ஒரு தட்டு தட்டி, “சோறு துன்னுட்டுப் போ” என்றார்.

சாப்பிட்டு முடித்தபின் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். ஒரகடத்தில் அக்காவுக்கு யாரும் கயிறு தரவில்லை. அங்கே அந்த வழக்கம் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் மறு நுனியைக் கிள்ளுவதற்குப் பக்கத்து மேஜையில் யார் இருந்தார்கள். கயிற்றை நடுவில் மடித்து அரிவாள்மனையில் அறுத்தோம். அண்ணன் தீப்பெட்டி கொண்டுவந்து சுட்டார். அக்காவின் துண்டில் நுனியை அக்கா கிள்ளினார், என் துண்டில் நான் கிள்ளினேன். இரண்டு பேரும் கையை உதறினோம். இந்த முறை கண்ணீரைச் சூட்டின் மேல் போட யாரும் முயற்சிக்கவில்லை.

என் மாடிக்கயிறு குட்டையான கதை இதுதான். அண்ணன் அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். அக்கா இப்போது ரோஸியோடு ஆவடியில் இருக்கிறார், போனில் இன்னமும் அந்த இரண்டு குரல் இருக்கிறது. கயிறு கம்பெனி இருந்த இடத்தில் கண்டெய்னர் யார்டு வந்துவிட்டது. மாடி, சாப்பாட்டு ஹால், புறாக்கள் எதுவும் இல்லை. டீக்கடையும் பால் டிரேக்களும் இருந்த மூலையை மெட்ரோ வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் “கயிறு கம்பெனி” என்று சொல்லிப் பார்த்தேன், அந்தப் பையன் செல்போனில் தேடிவிட்டு அப்படி ஒரு இடமே இல்லை என்றான்.

அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். இன்னும் குட்டையாகிவிட்டது, போர்வைக்கு இனிமேல் இடமில்லை. அந்த ரோட்டில் இப்போதும் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன, எல்லாம் வெள்ளை, எல்லாம் ஏ.சி. கையில் பையோடு நிற்கிறவர்களை ஏற்றிக்கொள்கின்றன. யாரும் நிற்காத இடத்தில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை.